கூரையிலேயே வெயிலை நிறுத்துங்கள்: பட்டறை கேள்வி–பதில்

வீட்டை ஒட்டிப் பட்டறை வைத்திருக்கிறவர்கள் வெயில், குளிர் பற்றி என்ன வேண்டுமானாலும் கேட்கலாம் என்று போன இதழில் எழுதியிருந்தேன். பாலக்கோடு, அரூர் பக்கமிருந்து வந்த கடிதங்களில் முழுக்க வெயில். ஓசூர், தளி பக்கமிருந்து வந்தவற்றில் பனி. 2004 வரை தருமபுரி என்று ஒரே மாவட்டமாக இருந்த ஊர்கள்தான். ஆனால் ஓசூர் கிட்டத்தட்ட 900 மீட்டர் உயரத்தில் இருக்கிறது, தருமபுரி சுமாராக அதில் பாதி. அதனால் ஒருவருக்குச் சொன்ன பதிலை இன்னொருவர் அப்படியே எடுத்துக்கொள்ள வேண்டாம், உங்கள் ஊர் எது என்று பார்த்துக்கொண்டு படியுங்கள்.

கேள்வி: வீட்டுக்குப் பின்னால் 20-க்கு 12 அடியில் தகர ஷெட் போட்டுத் தச்சு வேலை செய்கிறேன். மாசி முடிந்தாலே பதினொரு மணிக்கு மேல் உள்ளே நிற்க முடியவில்லை. கூலர் வாங்கவா, ஏ.சி. போடவா? கையில் இருக்கும் பணம் ஏதாவது ஒன்றுக்குத்தான் வரும்.
– தச்சர் ஒருவர், பாலக்கோடு

பதில்: அண்ணா, இரண்டையும் இப்போது வாங்காதீர்கள். முதலில் ஒன்று செய்து பாருங்கள். மதியம் இரண்டு மணிக்கு ஷெட்டுக்குள் ஸ்டூல் போட்டு ஏறி, தகரத்துக்கு ஒரு ஜாண் கீழே உள்ளங்கையை மேலே பார்த்தபடி பிடியுங்கள், தொட வேண்டாம். அடுப்புக்கு முன்னால் கை நீட்டின மாதிரி காந்தும். அப்படியே இன்னொரு கையால் ஒரு அட்டையை நடுவில் நுழையுங்கள், காந்தல் சட்டென்று நின்றுவிடும். காற்று அதே காற்றுதான், நடுவில் ஒரு அட்டை வந்தது, அவ்வளவுதான். உங்களை வாட்டுவதில் பெரும் பங்கு காற்றின் சூடு இல்லை, தகரம் கீழ்நோக்கி வீசுகிற அனல். ஃபேன் எவ்வளவு வேகமாகச் சுற்றினாலும் அந்த அனல் குறையாது.

ஒரு கணக்கும் சொல்கிறேன். பழைய, துருவேறிய தகரம் உச்சி வெயிலில் 65 டிகிரி வரை போகும். உள்ளே 35 டிகிரி என்று வைத்தால், உங்கள் 240 சதுர அடிக் கூரை வழியாக மட்டும் ஏறக்குறைய 4,000 வாட் சூடு இறங்குகிறது. வாளியில் போட்டுத் தண்ணீர் காய்ச்சுகிற 1,000 வாட் ஹீட்டர் நான்கைத் தலைக்கு மேல் வரிசையாகக் கட்டித் தொங்கவிட்ட மாதிரி. ஒரு டன் ஏ.சி. வெளியே தள்ளுகிற சூடே 3,500 வாட்தான். அப்படியென்றால் நீங்கள் வாங்குகிற ஏ.சி. நாள் முழுக்கக் கூரையோடு மல்லுக்கட்டிவிட்டு, கரன்ட் பில்லை மட்டும் கொடுக்கும். அதே கூரைக்குக் கீழே இரண்டு அங்குலத் தெர்மோகோல் இருந்தால் இறங்குவது 400 வாட் சொச்சம். பத்தில் ஒரு பங்கு! அதனால்தான் கூரைக்குச் செய்ததுபோக மிச்சம் இருந்தால் மெஷின் என்று சொல்கிறேன்.

முதல் வேலை, மேலே வெள்ளை. தகரத்தைக் கம்பி பிரஷ்ஷால் தேய்த்து, துருவுக்கு பிரைமர் அடித்து, வெளிப்புறத்துக்கென்று விற்கிற வெள்ளை அக்ரிலிக் பெயின்ட் இரண்டு கோட். சுண்ணாம்பு மலிவாயிற்றே என்று தகரத்தில் அடிக்காதீர்கள். ஒரு மழைக்கு மேல் நிற்காது, அதோடு ஈரச் சுண்ணாம்பின் காரம் தகரத்தின் நாகப் பூச்சையும் அரிக்கும். புதுத் தகரம் பளபளவென்று இருக்கிறதே, அதற்கு எதற்குப் பெயின்ட் என்று கேட்பீர்கள். அது வெயிலைக் கொஞ்சம் திருப்பி அனுப்பும், ஆனால் வாங்கிய சூட்டை லேசில் விடாது. வெள்ளைப் பெயின்ட் வெயிலையும் திருப்பும், வாங்கிய கொஞ்ச சூட்டையும் வானத்தைப் பார்த்துக் கக்கிவிடும். வருடத்துக்கு ஒரு முறை மாசியில் ஏறித் தூசியைக் கழுவிவிட வேண்டும், அழுக்கேறிய வெள்ளைக்குப் பாதி பலன்தான்.

அப்புறம் கீழே. அலுமினியம் ஃபாயில் ஒட்டிய பபிள் ஷீட் ரோலாகக் கிடைக்கிறது. அதைத் தகரத்தோடு ஒட்ட வைத்துக் கட்டுகிறவர்கள் நிறையப் பேர், அப்படிக் கட்டினால் காசு வீண். தகரத்துக்கும் ஃபாயிலுக்கும் நடுவே ஒரு அங்குலமாவது காற்று இடைவெளி இருந்தால்தான் அது அனலைத் தடுக்கும், ஒட்டிவிட்டால் அதுவும் ஒரு தகரம்தான். பளபளப்பான பக்கம் கீழே பார்க்கட்டும். தச்சுப் பட்டறையில் மேலே பார்க்கிற எதன் மேலும் ஒரு வாரத்தில் மரத்தூள் படிந்துவிடும், தூள் படிந்த ஃபாயில் வேலை செய்யாது. பணம் இருந்தால் ஃபாயிலுக்குக் கீழே தெர்மோகோலோ, பாறைப் பஞ்சான ராக்வுல்லோ வைத்து ஜிப்சம் பலகையால் மூடுங்கள்.

"மூடுங்கள்" என்பதை அழுத்திச் சொல்கிறேன். சில வருடங்களுக்கு முன் என் பட்டறையில் தெர்மோகோலை வெறுமனே கம்பியில் கட்டி வைத்திருந்தேன். கிரைண்டரில் ஒரு ஆங்கிள் துண்டை அறுத்தபோது பொறி மேலே தெறித்து ஒரு இடுக்கில் போய் விழுந்தது. ஐந்து நிமிடம் கழித்து மூக்கில் நாற்றம் ஏறியபோது தான் நிமிர்ந்தேன். தெர்மோகோல் உருகிச் சொட்டுச் சொட்டாக எரிந்தபடியே விழுந்துகொண்டிருந்தது, கரும்புகை. ஈரச் சாக்கை எறிந்து அணைத்தேன். கீழே மரத்தூள் குவியல் இருந்த மூலையில் அது விழவில்லை என்பதால்தான் பட்டறை இருக்கிறது. உங்களிடம் மரம், தூள், தின்னர் மூன்றும் இருக்கிறது. ராக்வுல் எரியாது, முடிந்தால் அதையே போடுங்கள்.

சூடான காற்று வெளியே போக மோட்டுக்குப் பக்கத்தில் வழி வேண்டும், அதற்கு ஈடாகக் கீழே நிழலான பக்கத்திலிருந்து காற்று வரவும் வழி வேண்டும். ஒன்று இருந்து ஒன்று இல்லையென்றால் பயனில்லை. மேற்குச் சுவருக்கு ஒரு பந்தலோ இரண்டு அகத்தி மரமோ போதும்.

இவ்வளவும் செய்த பிறகு, சித்திரையிலும் முடியவில்லை என்றால் கூலர் வாங்குங்கள். நம் பக்கம் கோடைக் காற்று வறண்டது. 38 டிகிரி வெயிலில் காற்றின் ஈரப்பதம் 25 சதவீதம் இருக்கிற மதியத்தில் நல்ல கூலர் 26, 27 டிகிரிக் காற்றைத் தரும். ஐப்பசி மழையில் அதே கூலர் மூன்று நான்கு டிகிரி குறைத்தாலே பெரிது. ஜன்னலைத் திறந்து வைத்துத்தான் ஓட்ட வேண்டும், மூடிவிட்டால் ஈரம் சேர்ந்து புழுங்கும். கூலர் காற்று படுகிற இடத்தில் இழைத்த பலகையை அடுக்காதீர்கள். ஈரம் குடித்த பலகையில் கதவு செய்து, வறண்ட வீட்டில் கொண்டுபோய் மாட்டினால் இணைப்பு விட்டுவிடும், அந்தப் பழி உங்கள் கைக்குத்தான் வரும். உளி, இழைப்புளியையும் எண்ணெய்த் துணியில் சுற்றித் தள்ளியே வையுங்கள்.

கேள்வி: வாடகை வீட்டின் முன்பக்கம், சிமென்ட் ஷீட் போட்ட அறையில் மூன்று தையல் மெஷின் வைத்திருக்கிறேன். மதியத்தில் என்னோடு வேலை செய்கிற பெண்களுக்குத் தலைவலி வந்துவிடுகிறது. ஆணி அடிக்க வீட்டுக்காரர் விடமாட்டார். என்ன செய்யலாம்?
– தையல் கடை நடத்துகிறவர், அரூர்

பதில்: அம்மா, உங்களுடையது சிமென்ட் ஷீட் என்பதால் சுண்ணாம்பு உங்களுக்குத் தாராளமாகச் சரிவரும். கல் சுண்ணாம்பை வாங்கி, தண்ணீர் ஊற்றித் தாளித்து, ஒரு நாள் ஊறவிட்டு, பழைய புடவையில் வடிகட்டிக்கொள்ளுங்கள். வடித்த பாலில் வாளிக்கு இரண்டு கை அளவு ஃபெவிகாலைக் கரைத்து, மூன்று கோட் மெல்லிசாக அடிக்கச் சொல்லுங்கள். சுண்ணாம்பு தாளிக்கும்போது கொதித்துத் தெறிக்கும், கண்ணில் பட்டால் ஆபத்து, குழந்தைகளைப் பக்கத்தில் விடாதீர்கள்.

பெயின்டர் "பாசியைச் சுரண்டிவிட்டு அடிக்கிறேன்" என்பார். சுரண்ட விடாதீர்கள்! பழைய சிமென்ட் ஷீட்டில் ஆஸ்பெஸ்டாஸ் நார் இருக்கும். சுரண்டினாலோ, துளை போட்டாலோ, வேகமாகத் தண்ணீர் பீய்ச்சி அடித்தாலோ அந்த நார் தூளாகிக் கிளம்பும், நுரையீரலில் போய் உட்கார்ந்தால் வெளியே வராது, பல வருடம் கழித்துத்தான் நோயைக் காட்டும். நனைத்து, மெதுவாகத் துடைத்துவிட்டு, அதன் மேலேயே அடிக்கட்டும். ஷீட்டில் நேராகக் கால் வைக்கவும் வேண்டாம், பலகை போட்டுத்தான் ஏற வேண்டும்.

ஆணி இல்லாமல் இன்னொரு வழி, நாற்றுப் பண்ணைகளில் கட்டுகிற பச்சை நிழல் வலை. நான்கு பக்கமும் கம்பு நட்டு, ஷீட்டுக்கு ஒரு அடி மேலே இழுத்துக் கட்டுங்கள், காற்று நடுவில் ஓட வேண்டும். வீட்டுக்குப் பக்கத்தில் கொஞ்சம் மண் இருந்தால் அந்தப் பந்தலிலேயே சுரைக்கொடியோ அவரையோ ஏற்றிவிடலாம், இலை தானே தண்ணீரை ஆவியாக்கித் தன்னைக் குளிர வைத்துக்கொள்ளும். தென்னங்கீற்று குளுமைதான், ஆனால் காய்ந்தபின் ஒரு பொறி போதும், தீபாவளி சமயத்தில் ராக்கெட் விழுந்தால் யோசித்துப் பாருங்கள்.

நீங்கள் எழுதாத ஒன்றையும் கேட்கிறேன், இஸ்திரிப் பெட்டி எங்கே இருக்கிறது? அது 750 முதல் 1,000 வாட் வரை சூட்டை அறைக்குள் கொட்டுகிறது. இஸ்திரி மேசையைத் திண்ணைக்கு மாற்றுங்கள், அல்லது இஸ்திரியைக் காலை ஒன்பது மணிக்குள் முடித்துவிடுங்கள். தலைவலி வருகிற பெண்களுக்கு அரை மணிக்கு ஒரு தரம் ஒரு டம்ளர் தண்ணீர், உப்புப் போட்ட மோர் கொடுங்கள். ஒருவருக்குத் தலை சுற்றல், வாந்தி என்று வந்தால் அன்றைக்கு மெஷினை நிறுத்தி நிழலில் படுக்க வைத்து ஈரத்துணியால் துடைத்துவிடுங்கள். பேச்சு குழறினாலோ மயங்கினாலோ காத்திருக்காமல் 108-ஐக் கூப்பிடுங்கள்.

கேள்வி: வீட்டுக் கீழ்த்தளத்தில் லேத் (கடைசல் மெஷின்) ஒன்று வைத்து ஜாப் ஒர்க் செய்கிறேன். இரண்டு பிரச்சினை. மார்கழி, தை மாதங்களில் லேத்தின் பெட் (அடிப்பாகமான வார்ப்பிரும்பு) முழுக்கச் செந்துரு பூக்கிறது, ராத்திரி எண்ணெய் துடைத்துவிட்டுத்தான் போகிறேன். இன்னொன்று, நான் சரியாக அளந்து அனுப்புகிற ஷாஃப்டுகள் கம்பெனி இன்ஸ்பெக்ஷனில் சைஸ் குறைவு என்று திரும்பி வருகின்றன. அளக்கிற கருவியான மைக்ரோமீட்டரை மாற்றிப் பார்த்துவிட்டேன்.
– லேத் உரிமையாளர், ஓசூர்

பதில்: சார், உங்கள் கடிதத்தை இரண்டு முறை படித்தேன். இரண்டுக்கும் காரணம் வெப்பநிலைதான் என்று நினைக்கிறேன்.

துருவை முதலில் பார்ப்போம். உங்கள் ஊரில் தை மாத விடியலில் 13, 14 டிகிரி சாதாரணம். ராத்திரி முழுக்க அந்தக் குளிரில் கிடந்த வார்ப்பிரும்பு அவ்வளவு சீக்கிரம் சூடேறாது, அரை டன் இரும்பு அல்லவா. காலை எட்டு மணிக்கு நீங்கள் ஷட்டரைத் தூக்குகிறீர்கள். வெளியே பனி விலகி, வெயில் பட்டு, ஈரம் நிறைந்த காற்று 18, 20 டிகிரிக்கு வந்திருக்கும். அது உள்ளே வந்து 14 டிகிரி பெட்டைத் தொட்டதும், ஐஸ் வாட்டர் டம்ளருக்கு வெளியே வேர்ப்பது போல வேர்க்கிறது. நாளைக் காலையில் ஷட்டரைத் திறந்து பத்து நிமிடம் கழித்து, ஸ்லைடை ஒரு டார்ச்சை வைத்துச் சாய்வாகப் பாருங்கள். கடுகை விடச் சின்னச் சின்னப் புள்ளியாக நீர் நிற்கும். விரலால் இழுத்தால் கோடு விழும். ராத்திரி தடவிய மெல்லிய எண்ணெய்க்குக் கீழேயும் அந்த நீர் இறங்கும்.

வழி ஒன்று: காலையில் ஷட்டரை முழுக்கத் தூக்காதீர்கள், பத்து மணி வரை பாதி மூடியே இருக்கட்டும். வழி இரண்டு, இதுதான் நிச்சயமான வழி: பெட்டை, அதைச் சுற்றியுள்ள காற்றை விட இரண்டு மூன்று டிகிரி சூடாகவே வைத்திருப்பது. 60 வாட் குண்டு பல்பு ஒன்றைக் கம்பிக் கூண்டுக்குள் போட்டு பெட்டுக்குக் கீழே ராத்திரி எரியவிட்டு, மெஷினைக் கெட்டித் துணியால் மூடுங்கள், துணி பல்பில் படாமல். எல்.இ.டி. பல்பில் அவ்வளவு சூடு வராது, குண்டு பல்பேதான் வேண்டும். பத்து மணி நேரத்துக்கு முக்கால் யூனிட்கூட ஆகாது. பிளாஸ்டிக் தார்ப்பாய் போட்டு இறுக்காதீர்கள், உள்ளே ஈரம் சிறைப்பட்டுவிடும். கடையும்போது குளிர்விக்க ஊற்றுகிற கூலன்ட்டின் தொட்டியை ராத்திரி மூடி வையுங்கள், அதிலிருந்து எழும்புகிற ஆவியும் பெட்டில்தான் படியும். வேலை முடிந்ததும் கூலன்ட் ஈரத்தைத் துடைத்துவிட்டு, மெல்லிய எண்ணெய்க்குப் பதில் ஸ்லைடுவே ஆயில் தடவுங்கள், அது வழியாமல் ஒட்டி நிற்கும்.

அடுத்து ஷாஃப்ட். எந்தப் பொருளின் அளவு என்றாலும் அது 20 டிகிரியில் உள்ள அளவு என்பது உலகம் முழுக்க ஒப்புக்கொண்ட வழக்கம். 1951-ல் ஐ.எஸ்.ஓ. முதன்முதலாக வெளியிட்ட தரமே இதுதான். இரும்பு ஒரு மீட்டருக்கு ஒரு டிகிரிக்கு 11.5 மைக்ரான் அளவில் நீளும் (மைக்ரான் என்றால் மி.மீ.யில் ஆயிரத்தில் ஒரு பங்கு). 50 மி.மீ. ஷாஃப்டுக்கு அது ஒரு டிகிரிக்கு அரை மைக்ரானுக்குச் சற்று மேல். ஒன்றும் இல்லாதது மாதிரி தெரிகிறதா? கடைந்து முடித்த கையோடு ஷாஃப்ட் 45 டிகிரியில் இருக்கும்போது அளக்கிறீர்கள். உங்கள் மைக்ரோமீட்டர் 25 டிகிரியில் பெட்டியில் இருந்தது. வித்தியாசம் 20 டிகிரி, அதாவது 11, 12 மைக்ரான் பெரிதாகக் காட்டுகிறது. நீங்கள் சரியான சைஸ் என்று நிறுத்துகிறீர்கள். ஷாஃப்ட் கம்பெனியின் ஏ.சி. அறைக்குப் போய் ஆறியதும் அந்த 12 மைக்ரான் சுருங்கிவிடுகிறது. 50 மி.மீ.க்கு எச்-6 என்கிற துல்லிய வகையைக் கேட்டிருந்தால், அளவு கூடக் குறைய உங்களுக்கு உள்ள மொத்த இடமே 16 மைக்ரான். அலுமினியம் என்றால் இதைப் போல இரண்டு மடங்கு.

அதனால் பட்டறை முழுவதையும் குளிர வைக்க வேண்டிய அவசியம் உங்களுக்கு இல்லை, அளக்கிற இடத்தைச் சமாளித்தால் போதும். கடைசி கட் எடுப்பதற்கு முன் ஷாஃப்டை ஆறவிடுங்கள். ஒரு தடித்த கிரானைட் பலகையை நிழலில் வைத்துக்கொள்ளுங்கள், நம் மாவட்டத்தில் அதற்குப் பஞ்சமா, துண்டுக் கல்லே போதும். முடிந்த ஷாஃப்டையும் மைக்ரோமீட்டரையும் அந்தக் கல்லின் மேல் பக்கத்தில் பக்கத்தில் அரை மணி நேரம் கிடத்திவிட்டு அளங்கள். இரண்டும் இரும்பு, இரண்டும் ஒரே சூட்டில் இருந்தால் பிழை பெரும்பாலும் ஒன்றையொன்று கழித்துவிடும். மைக்ரோமீட்டரைக் கையிலேயே பிடித்துக்கொண்டு திரியாதீர்கள். ஷட்டர் வழியாக வருகிற காலை வெயில் பெட்டின் ஒரு பக்கத்தில் விழுகிறதா என்றும் பாருங்கள். ஒரு பக்கம் மட்டும் சூடேறினால் பெட் மயிரிழை வளையும், அன்று காலை கடைந்தது எல்லாம் ஒரு முனை தடித்து மறுமுனை மெலிந்து டேப்பராக வரும். ஒரு சாக்குப் படுதா தொங்கவிட்டால் தீர்ந்தது.

கேள்வி: மர பொம்மை, சின்ன மேசை செய்கிறேன். மார்கழிக் காலையில் விரல் மரத்துப்போகிறது, ஃபெவிகாலும் பிடிக்கவில்லை, காய்ந்த இடம் சுண்ணாம்பு மாதிரி வெள்ளையாக உதிர்கிறது. உள்ளே கரி அடுப்பு வைத்துக் கதவை மூடிக்கொள்ளலாமா?
– தளியிலிருந்து ஓர் இளைஞர்

பதில்: வேண்டாம் தம்பி. மற்ற பதில்களை மறந்தாலும் பரவாயில்லை, இதை மறக்காதே. நீறு பூத்த கரியில் புகை வராது, ஆனால் கார்பன் மோனாக்சைடு வந்துகொண்டே இருக்கும். நிறம் இல்லை, மணம் இல்லை. லேசாகத் தலை வலிக்கும், தூக்கம் வருவது போல இருக்கும், எழுந்து கதவைத் திறக்கலாம் என்று நினைக்கும்போது கால் எழாது. கதவைக் கொஞ்சம் திறந்து வைத்துக்கொள்கிறேன் என்றும் சமாதானம் செய்துகொள்ளாதே. சிவந்து எரிகிற காயில் ஹீட்டரும் உனக்கு ஆகாது, பக்கத்தில் மரத்தூளும் தின்னரும் இருக்கிறது.

உனக்கு வேண்டியது இரண்டு மாதம், அதிலும் காலை மூன்று மணி நேரம். ஃபெவிகால் டப்பாவையும் மறுநாள் ஒட்ட வேண்டிய பலகைகளையும் ராத்திரி வீட்டுக்குள் வைத்துக்கொள். பசை மட்டும் சூடாக இருந்து பலகை சில்லென்று இருந்தால் அந்த வெள்ளைத் தூள் வரத்தான் செய்யும், பசை படலமாகச் சேராமல் காய்ந்ததன் அடையாளம் அது. ஒட்டுகிற வேலையைப் பத்து மணிக்கு மேல் வை, காலையில் அறுப்பது, தேய்ப்பது என்று உடம்பு சூடாகிற வேலை. பாலிஷையும் பனியில் அடிக்காதே, ஈரம் குடித்து வெளுத்துப்போகும். கதவுக்கு அடியில் உள்ள சந்தை அடைத்துவிட்டு, சிமென்ட் தரையில் நிற்காமல் பலகை மேல் நில், பாதி குளிர் காலில் இருந்துதான் ஏறுகிறது. அதற்கும் மேல் வேண்டுமென்றால் கம்பி வெளியே தெரியாத ஆயில் ஹீட்டர் வாங்கு. 1,500 வாட் என்றால் மணிக்கு ஒன்றரை யூனிட்.

கேள்வி: அப்பா பட்டுப்புழு வளர்ப்பை விட்டுவிட்டார். புழு வளர்த்த மனைக் கட்டடம் காலியாக இருக்கிறது. இடித்துவிட்டுத் தகர ஷெட் போட்டு வெல்டிங் பட்டறை தொடங்கலாம் என்று இருக்கிறேன்.
– தேன்கனிக்கோட்டை வாசகர்

பதில்: இடிக்காதீர்கள்! புழுவுக்கு 24 முதல் 28 டிகிரி வரை வேண்டும் என்பதற்காக உங்கள் அப்பா பார்த்துப் பார்த்துக் கட்டிய கட்டடம் அது. மேலே ஒரு வரிசை, தரையை ஒட்டி ஒரு வரிசை என்று வென்டிலேட்டர் இருக்கும், சுற்றிலும் தாழ்வாரம் இருக்கும். ஒரு தகர ஷெட்டுக்கு நான் மேலே பாலக்கோடு அண்ணனுக்குச் சொன்ன வேலை எல்லாம் இங்கே ஏற்கெனவே செய்து முடித்திருக்கிறது. கீழ் வென்டிலேட்டரில் அடித்த வலையைக் கழற்றிவிட்டு, மேலே ஒரு எக்ஸாஸ்ட் ஃபேன் வைத்தால் வெல்டிங் புகைக்கும் வழி கிடைத்துவிடும். கூரை மேல் கீற்று வேய்ந்திருந்தால், பொறி பறக்கிற வேலைக்கு அது ஆகாது, அதை மட்டும் எடுத்துவிட்டு வெள்ளை அடியுங்கள்.

ஒரு வேலை பாக்கி இருக்கிறது. ஒவ்வொரு வளர்ப்புக்கும் முன்னால் பிளீச்சிங் பவுடர் கரைத்துச் சுவரிலும் தரையிலும் அடித்திருப்பார்கள். அந்த உப்பு சுவரில் ஊறிக் கிடக்கும், மழைக்காலத்தில் ஈரத்தை இழுத்து இரும்பை அரிக்கும். மெஷின் வாங்குவதற்கு முன் சுவரையும் தரையையும் நல்ல தண்ணீரில் மூன்று முறை கழுவி, கதவு ஜன்னல் எல்லாவற்றையும் திறந்துபோட்டு, வெயில் நாளாகப் பார்த்து ஒரு வாரம் காயவிடுங்கள். அதற்குப் பிறகு ஒரு புது ஆணியைத் தரையில் போட்டுவிட்டு நான்கு நாள் கழித்துப் போய்ப் பாருங்கள். அது துருவேறியிருந்தால் இன்னொரு முறை கழுவுங்கள்.